திரைக்கு வெளியே நீண்ட கை

பெரியவரை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போன வாரம் நாம் எழுந்து வந்துவிட்டோம். உள்ளே போன மனுஷன் என்ன ஆனார் என்று ஏழு நாளாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் இனிமேல் விரலை வாயிலிருந்து எடுத்துவிடலாம். அவருக்கு ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருஷம், நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் ஊதித் தள்ளியவருக்கு நுரையீரல் இரண்டும் சுத்தம்.

பதற வேண்டியது அவருடைய தம்பிக்காக. அந்த விஷயம் இன்று சாயங்காலம் வரை மூன்று தரப்புக்குத்தான் தெரியும். பெரியவருக்கு, சின்னவருக்கு, பிறகு போன வாரமும் வந்திருந்த உங்களுக்கு.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெல்டிங் பட்டறை நடத்துகிறார்கள். ஜன்னல் கம்பி, இரும்பு கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று எது கேட்டாலும் செய்து தருவார்கள். பெரியவருக்கு அறுபத்தொன்று. சின்னவருக்கு ஐம்பத்தேழு. சின்னவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரேயடியாக நின்றுபோனது. அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. பெரியவரின் ஒரே மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புதுத் திட்டம் ஆரம்பித்தார்கள். பல வருஷம் புகைபிடித்தவர்களைக் கூப்பிட்டு ரத்தம் எடுப்பார்கள். நுரையீரல் புற்றுநோய், இருமல் வலி என்று வெளியே தெரிவதற்கு முன்பே, ரத்தத்தில் ஏதாவது தடயம் விடுகிறதா என்று தேடுவார்கள். சந்தேகம் வந்தால் உடனே ஸ்கேன். ஊசி முதல் வேலையாக அப்பா பெயரைப் பட்டியலில் சேர்த்தாள்.

இங்கேதான் கோளாறு. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வளைக்கிற பெரியவருக்கு ஒரு சின்ன ஊசியைப் பார்த்தால் குலை நடுங்கும். ஒரு தடவை பட்டறை ஆட்கள் முன்னாலேயே மயங்கி விழுந்திருக்கிறார். பெற்ற மகள் எதிரில் அந்த அவமானம் வேண்டாம் என்று, ஆறு வருஷத்துக்கு முன்பு முதன்முதலாகச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க அவள் வந்தபோது ஒரு வழி கண்டுபிடித்தார். படுக்கையறை வாசலில் தொங்குகிற திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்வார். கை மட்டும் வெளியே வரும். ஊசி கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். "திரைக்குப் பின்னால ராஜா மாதிரி எங்கப்பா" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரிப்பாள்.

ராஜாவின் கை என்று அவள் நினைத்தது தம்பியின் கை. ஆறு வருஷமாக அதுதான் நடக்கிறது. இருவர் கையிலும் நெருப்புப்பொறி பட்ட புள்ளிகள் ஒரே மாதிரி. திட்டத்துக்காகப் போன மாதம் எடுத்த ரத்தமும் சின்னவருடையதுதான். அதில்தான் சந்தேகம் என்று வந்தது. ஸ்கேன் எடுத்ததோ அண்ணனுக்கு. அதில் ஊசி குத்த மாட்டார்கள் என்று தெரிந்ததும் பெரியவர் வீராப்பாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இனி இன்றைய கதை.

*

டாக்டரம்மா படத்தை வெளிச்சத் திரையில் காட்டினார். "ஒண்ணும் இல்லைங்க. நிம்மதியா இருக்கலாம். ஆனா சிகரெட்டை இன்னியோட விட்டுடணும்."

"விட்டாச்சு டாக்டர்" என்றார் பெரியவர். சட்டைப்பையில் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் டாக்டர் ரத்தத்துல அப்படி வந்துச்சு?" சின்னவர்தான் கேட்டார்.

"இந்த டெஸ்ட் நோய் இருக்கு இல்லைன்னு தீர்ப்பு சொல்றதில்ல. யாருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்னு மட்டும்தான் சொல்லும். சில சமயம் ஒண்ணுமே இல்லாதவங்களுக்கும் இப்படி வரும். எதுக்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். அது சரியா இருந்தா ஃபைலை மூடிடலாம்."

பெரியவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சின்னவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"டாக்டர், சிகரெட் தொடாதவங்களுக்கு இந்த டெஸ்ட் எடுப்பீங்களா?"

"இப்போதைக்கு இந்தத் திட்டத்துல அவங்களைச் சேர்க்கறதில்லைங்க. ஏன், யாருக்காவது தொந்தரவு இருக்கா?"

இருக்கு, எனக்குத்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் ரத்தம் எப்படி உங்கள் அண்ணன் பெயரில் வந்தது? எடுத்தது யார்? எடுத்தவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆளை நேரில் பார்த்து, பெயரும் பிறந்த தேதியும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எடுத்தேன் என்று ஒவ்வொரு தாளிலும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சொந்த அப்பாவிடம் யார் பெயர் கேட்பார்கள்?

"சும்மாதான் கேட்டேன்" என்றார்.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் தொலைபேசி எண்ணை எழுதி நீட்டினார். "எதுன்னாலும் கூப்பிடுங்க. எங்க பிரிவுல யாராவது எடுப்பாங்க."

*

பட்டறைக்கு வந்ததும் பெரியவர் செய்த முதல் காரியம் சிகரெட் பற்றவைத்தது. ஆயுள் தண்டனையிலிருந்து விடுதலையானவர் மாதிரி கண்ணை மூடி இழுத்தார். ஆட்கள் இருவரும் ஒரு கேட்டை மாட்டப் போயிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அண்ணனும் தம்பியும் மட்டும்தான்.

"டேய், ஊசி நாலு மணிக்கு வர்றா. ஆஸ்பத்திரி வேன்லயே வந்து எடுத்துட்டுப் போறாளாம். நீ அதுக்குள்ள கையைக் கழுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துடு."

சின்னவர் அறுத்த கம்பிகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்த ரத்தம் என்னோடது."

"தெரியும்."

"தெரியும்னு சும்மா சொன்னா எப்படி?"

"டாக்டரம்மாதான் சொன்னாங்களே, சில சமயம் ஒண்ணுமில்லாதவங்களுக்கும் வரும்னு."

"உங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னாங்க. எனக்கு எங்கே எடுத்தாங்க?"

"நீ என்ன சிகரெட்டா பிடிக்கறே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கியா? உனக்கு எங்கேருந்துடா வரும்?" பெரியவர் சிரித்துக்கொண்டே புகையை விட்டார். அது கூரை வரை போய், வெளியேற வழி தெரியாமல் இருவர் தலைமேலும் இறங்கியது.

"முப்பது வருஷமா நீங்க விட்டதைத்தானே நானும் இழுத்துக்கிட்டிருக்கேன்" என்றார் சின்னவர்.

பெரியவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

தம்பி இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் அண்ணன் உடைத்த கண்ணாடிக்கு அடி வாங்கியது தம்பி. அண்ணன் மூன்று தடவை கோட்டை விட்ட எழுத்துப் பரீட்சையை அண்ணன் பெயரிலேயே எழுதி ஓட்டுநர் உரிமம் வாங்கிக் கொடுத்தது தம்பி. ஒன்றுக்கும் முணுமுணுத்தது இல்லை. அண்ணன் தோளில் கை போட்டு "நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷர் குளிர்ந்துபோவார். அந்த வார்த்தையை நம்பி ஐம்பத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

பெரியவர் இப்போதும் தோளில் கை போட்டார். "டேய், இதைப் போய்ச் சொன்னா ஊசிக்கு வேலை போயிடும்டா. அதை யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"அப்புறம் என்ன? இந்தத் தடவையும் நீயே நீட்டிடு. சரியா வந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"மறுபடியும் அப்படியே வந்தா?"

பெரியவர் சிகரெட் நுனியைப் பார்த்தார்.

"மறுபடியும் அப்படியே வந்தா உங்க உடம்பைத்தான் குடைவாங்க. அங்கே ஒண்ணும் இருக்காது. இருக்கிற இடத்துல யாரும் தேட மாட்டாங்க. நீங்களும் தேடச் சொல்ல மாட்டீங்க, இல்லையா?"

குடைவார்கள் என்ற சொல்லிலேயே பெரியவர் வெளிறிப்போனார். அதற்குப் பிறகு தம்பி சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "சரி, என்னதான் பண்ணச் சொல்றே?"

"உங்க கையை நீங்களே நீட்டுங்க."

சொல்லிவிட்டு சின்னவர் கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அண்ணன்மேல் கோபப்படுவது எப்படி என்று இந்த வயசில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஊசி கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே நரம்பைக் கண்டுபிடிக்கிறவள். அண்ணன் கையைத் தொட்டால் அவளே புரிந்துகொள்வாள். தான் வாயைத் திறந்து காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தால் முதலில் கத்துவாள், அப்புறம் அழுவாள், அப்புறம் "கிளம்புங்க சித்தப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த மெஷினுக்குள் படுக்க வைத்துவிடுவாள். படிக்கிற காலத்தில் இரண்டு வருஷம் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, வெயிலில் காத்திருந்து கூட்டிவந்த குழந்தை. தனக்கு ஒன்று என்றால் சும்மா இருப்பாளா?

*

நாலு மணிக்கு வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அண்ணி வாயெல்லாம் பல்லாக நின்றாள். "எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த எதிர்வீட்டுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

வழியில் சின்னவரைப் பார்த்ததும் நின்றாள். "இந்த மனுஷன் ஊதின ஊதுக்கு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. ஒரு கெட்ட பழக்கம் உண்டா? நீங்க நூறு வருஷம் இருப்பீங்க."

சின்னவர் தலையை மட்டும் ஆட்டினார். பாவம், அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள்.

வேன் வாசலில் வந்து நின்றது. ஊசி உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து பஞ்சு, ரப்பர் பட்டை, குழாய் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள். அப்பா பெயர் அச்சடித்த சீட்டைக் குழாயில் ஒட்டத் தயாராக உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டாள்.

"ராஜா தயாரா?"

திரைக்குப் பின்னால் பெரியவர் நாற்காலியில் கண்ணை இறுக மூடியிருந்தார். சின்னவர் பீரோவை ஒட்டி நின்றார். கடைசி முறையாக அண்ணன் கண்ணைத் திறந்து கெஞ்சலாக நிமிர்ந்து பார்த்தார். சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவரின் கை திரைக்கு வெளியே போனது.

ஊசி பட்டையைக் கட்டினாள். வழக்கமாகத் தட்டுகிற இடத்தில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, நரம்பையே காணோம்?"

பிறகு சிரித்தாள். "சித்தப்பா! உள்ளே நீங்களா உட்கார்ந்திருக்கீங்க? என்ன விளையாட்டு இது? இது எங்கப்பா கை இல்லையே! எங்கப்பா நரம்பு எனக்குத் தெரியாதா? வேன் நிக்குது சித்தப்பா, அப்பாவைக் கூப்பிடுங்க."

சிரித்துக்கொண்டே திரையை விலக்கினாள்.

நாற்காலியில் அப்பா. முகம் முழுக்க வியர்வை. பீரோ பக்கத்தில் சித்தப்பா, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தப்புச் செய்த மாணவன் மாதிரி நின்றார். தப்புச் செய்தவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஊசி அப்பாவின் கையைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் பிடித்தது.

"எத்தனை நாளா?"

பெரியவர் கையில் கட்டியிருந்த பட்டையைத் தடவினார்.

"முதல்லேருந்தேவா? ஆறு வருஷமாவா? அப்பா, அப்போ உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு இதுவரைக்கும் யாருக்குமே தெரியாதா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் பெரியவர் அசட்டுத்தனமாக.

"அப்போ போன மாசம் எடுத்தது..."

அவள் பாதியில் நிறுத்தினாள். புரிந்துவிட்டது. சின்னவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தார். இப்போது அழுவாள், இப்போது கையைப் பிடிப்பாள் என்று பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார்.

ஊசி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வேன் டிரைவர் தூரத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சித்தப்பா, இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"டாக்டர்கிட்ட?"

"இல்ல."

"நல்ல வேளை" என்றாள் ஊசி.

அவளைத் திட்டத்தான் எனக்கும் வாய் வருகிறது. ஆனால் தற்காலிக வேலையில் ஆறு வருஷம் காத்திருந்து, அடுத்த மாதம் நிரந்தரம் ஆகப்போகிற பெண் அவள். வயிற்றில் புளியைக் கரைத்தால் யாருக்கும் முதலில் தன் வயிறுதான் தெரியும். சின்னவருக்கும் அது புரிந்தது. புரிந்ததனால் வலி குறைந்துவிடவில்லை.

அதற்கப்புறம் அவள் எல்லாவற்றையும் சட்டப்படி செய்தாள். முக்காலியை அறைக்குள்ளேயே இழுத்துப் போட்டாள்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர்.

"சொல்லுங்கப்பா!"

சொன்னார். பிறந்த தேதியையும் சொன்னார். அவள் பொறுமையாகத் தேடி நரம்பைப் பிடித்து ஊசியைச் செருகினாள். குழாய் நிறைந்தது. பஞ்சை வைத்துக் கையை மடக்கினாள். பெரியவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"முடிஞ்சுதா? அடச்சே, இவ்வளவுதானா?"

சின்னவர் பீரோவைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷமாகத் தான் ஒளிந்திருந்து கை நீட்டியது, இப்போது தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்பது, எல்லாமே இந்த "இவ்வளவுதானா"வுக்காகத்தான்.

இந்த ரத்தம் சரியாகத்தான் இருக்கப்போகிறது. அண்ணன் பெயரில் அண்ணனின் ரத்தம். முதன்முதலாக உண்மையான குழாய் போகிறது. அது போய்ச் சேர்ந்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள். தப்பாக வந்த ஒரு முடிவு என்று எழுதிவைப்பார்கள்.

ஊசி பெட்டியை மூடினாள். போகிறபோது சித்தப்பாவின் தோளைத் தொட்டாள். அவள் கண்ணில் ஈரம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. "கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. எனக்கு நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் நானே ஏதாவது வழி பண்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

"எத்தனை நாள்மா பொறுக்கறது?"

"அடுத்த மாசம். தள்ளிப்போனா அதுக்கடுத்த மாசம்."

வேன் கிளம்பிப் போனது.

*

அண்ணி எதிர்வீட்டிலிருந்து திரும்பியதும் பெரியவர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். "மூணு கரண்டி சர்க்கரை போட்டு டீ கொண்டா. இன்னிக்கு நானே கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன்" என்றார். இன்னிக்கு நானே என்றதை அண்ணி கவனிக்கவில்லை.

சின்னவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவர் அதைத் தொடாமல் கொல்லைப்பக்கம் போனார். துணி காய்கிற கொடிக்குக் கீழே நின்று சட்டைப்பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்தார். இன்று முழுக்க உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டது அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா ஒருவர்தான். யாருக்காவது தொந்தரவு இருக்கா என்று கேட்டார். வீட்டில் அதுகூட யாரும் கேட்கவில்லை.

பொறுத்துத்தான் ஐம்பத்தேழு வருஷம் போயிருக்கிறது. உள்ளே ஒன்று இருந்தால், அது ஊசிக்கு நிரந்தரம் ஆகிற வரைக்கும் பொறுக்குமா?

எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி அடித்தது. சின்ன வயசுப் பெண் குரல் ஒன்று எடுத்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. அங்கே நடக்கிற ரத்தப் பரிசோதனை பத்தி."

"பேர் சொல்லுங்க."

சின்னவர் தன் பெயரைச் சொன்னார். பட்டறையிலும் வீட்டிலும் சின்னவர் என்றே கூப்பிட்டுப் பழகியதில், தன் பெயர் அவர் காதுக்கே யாரோ ஒருத்தருடையது மாதிரி இருந்தது.

"பிறந்த தேதி?"

சொன்னார். அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. உள்ளே கூடத்தில் அண்ணன் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தப் பேர்ல எங்க பட்டியல்ல யாருமே இல்லையே சார்."

"இருக்கேன்மா" என்றார் சின்னவர். "நல்லாப் பாருங்க. என் ரத்தம் உங்ககிட்டதான் இருக்கு."